ஜுலைகா அம்மாவின் பதினோரு கேசட்டுகள்

அக்டோபர் 29, புதன்

தொலைந்துபோன உள்ளூர் கேபிள் டி.வி. நாடகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று, பழைய நிகழ்ச்சிகளைத் தேடும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் என்னைக் கொண்டாடுகிறார்கள். நாடகம் யாருக்கு வேண்டும்? அதன் நடுவே ஓடிய ஜவுளிக்கடை விளம்பரத்தைத்தான் இத்தனை வருடமாகத் தேடினேன். செத்துப்போன என் அக்கா ஸ்டெல்லா அதில் பேசியிருந்தாள். அவள் குரல் வேறெங்கும் இல்லை. எங்கள் வீட்டுக் கேசட்டில் கிரிக்கெட்டைப் பதிந்து அவளை அழித்தவன் நான்தான்.

தருமபுரத்து ஜுலைகா அம்மா, துபாயிலிருந்த கணவருக்கு அனுப்ப அந்த நாடகத்தை வாராவாரம் பதிந்தவர். நேற்று பதினோரு கேசட்டையும் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார்.

“ஒரு விளம்பரம் கூட இருக்காது தம்பி. அவங்களுக்குப் பிடிக்காதுன்னு பட்டன்லயே கைய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரே ஒரு எடத்துல அசந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.”

கோபமா? அவர் அசந்துபோனதற்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அந்த ஓர் இடத்துக்காக இன்று பகல் முழுவதும் கேசட்டுகளை வேகமாக ஓட்டினேன். பதினோராவதில்தான் கிடைத்தது.

சோப்பு விளம்பரம். ஒரு நொடி குறையாமல், முழுசாக இருக்கிறது.