மேட்டுக்குள் இருந்த தாழி

ஆனி மாதம், வியாழக்கிழமை இரவு

தூக்கம் வரவில்லை. நெடுங்காட்டில் எங்கள் வயலுக்கும் மூத்தார் வயலுக்கும் நடுவில் இருக்கும் மேட்டை இன்று வெட்ட ஆரம்பித்தோம். அந்த மேடு யாருக்கு என்ற சண்டையில்தான் என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனான மூத்தாரும் பல வருடமாகப் பேசாமல் இருந்தார்கள். பாதிப் பாதி என்று ஊரில் பேசி முடித்ததால் பொக்லைன் வந்தது.

நாலு அள்ளு அள்ளுவதற்குள் ஒரு பெரிய தாழி உடைந்தது. உள்ளே எலும்புகள். பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒரு சின்னக் கிண்ணம்.

இவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "வெளியில தெரிஞ்சா தொல்லியல்காரங்க வந்து வயலையே அடைச்சிருவாங்கண்ணே. குறுவைக்குத் தண்ணி வர்ற நேரம்."

"மண்ணைத் தள்ளி மூடிடுடா," என்றார் மூத்தார். இத்தனை வருடத்தில் இருவரும் ஒத்துப்போனது இதில்தான்.

மூடுவதற்கு முன் கிண்ணத்தை நான்தான் தாழியருகே திரும்ப வைத்தேன். யாரோ தன் மனிதருக்கென்று பார்த்து வைத்தது.

சாயங்காலம் மூத்தார் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ரசம் ஊற்றும்போது மூத்தாரிடம் சொல்லிவிட்டேன். "மாமா, நாளைக்கு நான் தாலுகா ஆபீஸ்ல சொல்லப்போறேன்."

இவர் தட்டை நகர்த்திவிட்டார். மூத்தார் அதைத் திரும்ப அவர் முன்னால் தள்ளி வைத்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "குறுவை போனாப் போவுது. ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிடுவோம்டா," என்றார்.

இவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், விழித்துத்தான் இருக்கிறார். காலையில் அண்ணனோடு கிளம்புவாரா தெரியவில்லை. நான் கிளம்புவேன்.