ஊசியா, மாத்திரையா

12.03.2004, வெள்ளி

கொழும்பு ஆஸ்பத்திரியில் சோதனைக்குழாய்க் கருவை எனக்குள் வைத்து ஒன்பது நாளாகிறது. அது தங்குவதற்காகத் தினமும் இடுப்பில் புரொஜெஸ்டிரோன் ஊசி போடுகிறார்கள். எண்ணெய் மருந்து என்பதால் இரண்டு பக்கமும் கட்டி கட்டியாக வீங்கிவிட்டது. உட்கார முடியாமல், ஸ்பிரிங்வெளித் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன்.

இன்று ஊசி போடப் போனபோது என் கணவர் என்னோடு வரவில்லை. இங்கே ஊசி போடும் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நோகுதெண்டால் உள்ளுக்கு வைக்கிற மாத்திரைக்கு மாறலாமே. ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலன்தான். முதலே உங்கட அவரிட்டச் சொன்னனான். நீங்கள்தான் ஊசி கேட்டதெண்டார்."

நான் கேட்கவே இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?" என்று வீட்டில் அவரிடம் கேட்டேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஊசின்னா போட்டது தெரியும். மாத்திரைய நீ ஒழுங்கா வைக்கிறியான்னு நான் எப்படிப் பாக்குறது?"

குறை அவரிடம்தான் என்று ரிப்போர்ட் வந்ததை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய அம்மா என்னை மலடி என்றபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மாத்திரையை வைத்துவிட்டு, அறையைத் தாழிட்டுப் படுத்தபடி எழுதுகிறேன். "வச்சிட்டியா?" என்று வெளியிலிருந்து கேட்கிறார். இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டார்.

கேட்கட்டும்.