மாமனுக்கு ஒரு மாமன்

மாவுன், 4 ஜூன் 1998

அன்புள்ள தம்பி ஓட்டெங்குக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலம் குதிரைகளைப் பொறுத்தது என்பதால் அவையும் நலமாக இருக்கட்டும்.

என் மகள் மசேகோவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வந்தார்கள். தாய்மாமன் இல்லாமல் பேச்சைத் தொடங்க முடியாதென்று மறுபடியும் திருப்பி அனுப்பினோம். அவர்களில் ஒரு கிழவர் வாசலில் நின்று, "மாமன்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல சிங்கம் தின்னுருச்சா?" என்றார். "சிங்கத்துக்கும் ருசி தெரியும்" என்றேன். மானம் காத்த மாதிரி இருந்தது.

பிறை தெரிந்ததும் வருகிறார்கள். நீ வராவிட்டால் சித்தப்பா மகன் மோத்சுமி உன் இடத்தில் உட்காருவான். பிறகு மசேகோவுக்கு ஆயுள் முழுவதும் அவன்தான் மாமன்.

உன் அக்கா
செகமெட்சி

முகாம், 11 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

முகாமுக்குக் காய்கறி கொண்டுவரும் விமானத்தில் உன் கடிதம் வெங்காய வாசனையோடு வந்தது.

எப்படி வருவேன்? வெள்ளம் ஏறிவிட்டது. குதிரையேறிக் காட்டு விலங்குகளைப் பார்க்க வரும் விருந்தாளிகளுக்கு முன்னால் போகும் குதிரை என்னுடையது. நாம் குதிரைமேல் இருக்கும்வரை விலங்குகள் நம்மையும் ஏதோ மேய்கிற பிராணி என்றே நினைக்கும். நேற்று ஒரு பல் மருத்துவர் படமெடுக்க இறங்கினார். வரிக்குதிரைக் கூட்டம் மொத்தமும் ஓடிவிட்டது. "நான் என்னப்பா தப்பு செஞ்சேன்?" என்றார். "மனுசனாயிட்டீங்க ஐயா" என்றேன்.

இன்று புல்லுக்குள் ஒரு பெண் சிங்கம். ஓடக்கூடாது, குதிரையை அதன் முகத்துக்கு நேரே திருப்பி நிற்க வேண்டும். நின்றோம். அது அலுத்துப்போய் நகர்ந்தது. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன்; எழுந்தால், துடைத்த சேணத்தையே மறுபடி துடைக்கிறேன்.

வெள்ளம் ஒரு சாக்கு. டினேயோவோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், அவள் அப்பாவுக்குப் பரிசமாக மாடு ஓட்டிப்போய் நான் முறை செய்யவில்லை. முறை செய்யாதவன் சம்பந்தப் பேச்சில் உட்காரலாமா? அந்தக் கிழவர் முதலில் அதைத்தான் கேட்பார். மோத்சுமியே உட்காரட்டும்.

உன் தம்பி
ஓட்டெங்

மாவுன், 15 ஜூன்

தம்பிக்கு,

நீ ஒளித்தது ஊருக்கே தெரிந்த ரகசியம். மசேகோ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மோத்சுமி உட்காந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன். கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

செகமெட்சி

குமாரே, 20 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

விருந்தாளிகளை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். திரும்பினால் வேலை இருக்குமோ என்னவோ. டினேயோவின் அப்பா வீட்டு வேலிக்கு வெளியே, தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் அவள் அம்மா எட்டிப் பார்த்தார்.

"யாருடா அது?"

"மாப்பிள்ளைம்மா. முறை செய்ய வந்திருக்கேன்."

"மாப்பிள்ளையே பொண்ணு கேட்டு வர்றதா? வெக்கங்கெட்டவனே! உன் மாமன் எங்க?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் விரட்டவில்லை. சற்றுமுன் டினேயோவின் தங்கை தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

நம் தாய்மாமா உன் வீட்டில்தான் பிறைக்காகக் காத்திருப்பார். கிடைத்த வண்டியில் அவரை இங்கே அனுப்பு. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்: மாமன் வருகிறான், அவனுடைய மாமன் வந்ததும்.

ஓட்டெங்