மதிலுக்குள் ஓடக்கூடாது

5 ஜூலை 1952, சனி

தலைமை ஆசிரியை சொர்ணவல்லி அம்மையாருக்கு நான் அனுப்பவிருக்கும் குறைகள். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1. ஜூன் 16: என் மகள் ஞானமணியைப் பள்ளியில் சேர்த்த அன்று, முகவரி சிறைச்சாலை என்றேன். எழுத்தர் நிமிராமலே, "எத்தனை வருசங்க?" என்றார். நான் இச்சிறையின் ஜெயிலர், பி.ஏ. தேறியவன். அம்மையார் சிரித்தார்.

2. ஜூன் 23: வகுப்பில் ஒரு பென்சில் காணாமற்போயிற்று. என் மகளின் பையை மட்டும் சோதித்தார்கள். பென்சில் ஆசிரியையின் கொண்டையில் இருந்தது.

3. ஜூலை 4: மணி அடித்ததும் மைதானத்தில் குந்தியதற்காக, 'பள்ளியைக் கேலி செய்தாள்' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

மூன்றாவதற்கு விளக்கம் வேண்டும். சிறையில் மணி அடித்தால் கைதிகள் ஜோடி ஜோடியாகக் குந்த வேண்டும், வார்டர் எண்ணுவார். மூன்று வயதிலிருந்து இம்மதிலுக்குள், ஜெயிலர் வீட்டில் வளரும் ஞானமணிக்கு மணி என்றால் அதுதான். அவள் குந்தினாள். விளையாட்டென்று நினைத்துப் பக்கத்துப் பெண் குந்தினாள். பின்னர் ஐந்தாம் வகுப்பே குந்தியது. இவள் எழுந்து எண்ணிவிட்டு அம்மையாரிடம் போய், "முப்பத்தேழுங்க டீச்சர். ஒரு ஆளு கொறையுதுங்க" என்றிருக்கிறாள்.

ஒருத்தி உண்மையிலேயே வேலி தாண்டி நாவற்பழம் பொறுக்கப் போயிருந்தாள். தப்பியவளுக்கு நாவற்பழம், கண்டுபிடித்தவளுக்குத் தண்டனை.

7 ஜூலை

கடிதம் போயிற்று. என் மனைவி ஜெபமாலையம்மாளின் கருத்து: "லெட்டர் போட்டா பள்ளிக்கூடம் நடந்து வீட்டுக்கு வருமாக்கும்?"

10 ஜூலை

வந்தது. அம்மையாரே வந்தார். கேட் வார்டர் கண்ணுசாமி அவருடைய குடையைப் பறிமுதல் செய்து, "யாரப் பாக்கணும்? கைதி நம்பர் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அம்மையார் சீறுவார் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

"எங்க ஆளு ஒங்களக் கேட்டாரு, ஒங்க ஆளு என்னையக் கேட்டாச்சு. சரியாப்போச்சு சார்" என்று அமர்ந்தார். "குந்துனத விடுங்க. நான் அவசரப்பட்டுட்டேன். திங்கக்கெழம வரட்டும். நான் வந்தது வேற விசயம். வெளையாட்டு பீரியட்ல எல்லாப் பிள்ளைகளும் ஓடுது. ஒங்க பொண்ணு நடக்குது. தொரத்துனாலும் நடக்குது. காலு சரியில்லையோன்னு நெனச்சேன். கேட்டா, 'ஓடுனா விசில் ஊதுவாங்க டீச்சர்'ங்குது."

உண்மை. மதிலுக்குள் ஓடுபவன் தப்பிக்கப் பார்க்கிறவன். முதலில் விசில், பிறகு தடி.

"பத்து வயசுப் பிள்ள சார். தெனம் இந்தச் செவத்துக்குள்ளதான் திரும்பி வரணும்னா, நான் என்னத்தச் சொல்லிக்குடுத்து என்ன?"

என் பி.ஏ.வால் முடிந்தது, கண்ணுசாமியிடமிருந்து அவருடைய குடையை மீட்டுக் கொடுத்தது மட்டுமே.

11 ஜூலை

மகளை முற்றத்தில் நிறுத்தி, ஓடு என்றேன். அவள் காவற்கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"யாரு உத்தரவுங்கப்பா?"

"என்னுடையது."

"எழுதிக் குடுங்கப்பா."

ஜெபமாலை முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நல்லா வளத்தீங்க கைதிய" என்றாள்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு... சரி. இதில் யார் மீது குறை எழுதுவது?

14 ஜூலை

ஜெயிலரின் குடும்பம் மதிலுக்குள்ளேயே வசிக்க வேண்டும் என்பது சமஸ்தானக் காலத்து விதி. சமஸ்தானம் போய் நான்கு ஆண்டுகள் ஆகியும் வாயிற்பலகைதான் மாறியிருக்கிறது. வெளியே குடியிருக்க அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன்.

22 ஜூலை

பதில் வராததால் மறுபடி எழுதினேன்.

4 ஆகஸ்டு, திங்கள்

மேலிடத்துக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

'ஐயா, அனுமதி கோரிய இரு கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை முதல் என் குடும்பம் சிறைக்கு எதிரிலுள்ள தெருவில் குடியிருக்கிறது. இது விதிமீறல் என்பதை அறிவேன்; அந்த விதியைப் பிறருக்கு ஏழாண்டுகள் வாசித்துக் காட்டியவன் நான்.

இன்று காலை, பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் என் மகள் சிறைவாயிலைக் கடந்து ஓடினாள். கேட் வார்டர் பழக்கத்தில் விசிலை வாயில் வைத்தார். அவர் மீது குற்றமில்லை. விசிலை நான் பிடுங்கிக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை ஓடினாள்.

விசில் அரசுச் சொத்து. அது என் சட்டைப்பையில் இருக்கிறது. திருப்பித் தரும் எண்ணமில்லை. என்னை வேலையிலிருந்து நீக்கலாம். குடும்பத்தை உள்ளே அழைத்து வர மாட்டேன். தங்கள் முடிவு எதுவாயினும், ஆகஸ்டு 18, மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் எனக்குக் கிடைக்க வேண்டும்.'