வாசலில் மூன்று ஜோடி

மார்ச் 3, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் காய்ச்சுகிறது. ஆவூரிலிருந்து புதுகை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். விசா ஏஜென்ட் ஆபீஸ் சார் முன்னால் மறுபடியும் அந்த மஞ்சள் ஃபைல். போன வருடம் நிராகரித்த கடிதம்தான் முதல் தாள். தம்பதி தங்கப் போதுமான இருப்பிடம் இருப்பதற்குச் சான்று இல்லையாம்.

“வீட்டுல எத்தனை பேரு இருந்தாலும் பரவால்லம்மா. ஒங்க ரெண்டு பேருக்குன்னு ஒரு ரூம் தனியா இருக்கணும். அதைக் காட்டணும்.”

என் கணவரிடம் கேட்க வேண்டியவை (இங்கிலாந்தில், லெஸ்டரில் இப்போது காலை ஐந்து, நைட் டியூட்டி முடிந்திருக்காது):
– வாடகை ஒப்பந்தம்
– ஓனர் கடிதம், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று
– அறையின் நீள அகலம்
– போட்டோ, உள்ளேயும் வெளியேயும்

காசநோய் இல்லை என்ற டி.பி. சர்டிபிகேட் 19ஆம் தேதியோடு காலாவதி. அதற்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும்.

கல்யாணமாகி இரண்டு வருடம். சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாள். கணக்கு டீச்சர், எண்ணாமல் இருக்க முடியவில்லை. வயது முப்பத்தாறு. பள்ளிக்கூட வேலையையும் விசா வருமுன்னே விட்டுத் தொலைத்தேன்.

என் மாமியார் எனக்கும் மேல். அவருக்கு லெஸ்டரும் லண்டன்தான். ‘மருமகள் லண்டன் போக அருள்செய்த மாதாவுக்கு நன்றி’ என்று கோவிலில் பூசைக் கருத்து, அதாவது எதற்காகப் பூசை என்ற குறிப்பு, எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிறன்று சாமியார் அதை மைக்கில் வாசித்தார். இரண்டாவது விண்ணப்பமே இன்னும் போடவில்லை! கேட்டால், “முன்னாடியே நன்றி சொல்லிட்டா மாதா வாக்கு மாற மாட்டா.” பிள்ளை பிறக்குமுன்னே பேர் வைத்த கதை. தண்ணிக் குழாயடியில் நாலு பேர், எப்போது ஃபிளைட் என்று.

மார்ச் 5, வியாழன்

போட்டோ வந்துவிட்டது. பதினொன்று. கட்டில், நீல விரிப்பு, ஜன்னல், சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோ. அந்த ஜன்னலோரம் எதை வைக்கலாம் என்று யோசித்தேன். அத்தை செல்போனை வாங்கி, கட்டிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மத்தியானம் பிரிண்ட் போட வரிசைப்படுத்தும்போதுதான் ஒன்பதாவது படம். அறைக் கதவை வெளியிலிருந்து எடுத்தது; ஓரத்தில் எடுத்த நேரம், காலை 7.02. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. நம் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் செருப்பை வெளியில்தானே விடுவார்கள். ஒன்று நான் புதுகையில் வாங்கிக் கொடுத்தது. மற்ற இரண்டும் வேறு வேறு அளவு.

போன் போட்டேன்.

“யாருங்க வந்திருந்தா?”

“ஃப்ரெண்ட்ஸ் ரெஜி.”

“காலை ஏழு மணிக்கா?”

கதவு சாத்தும் சத்தம். அப்புறம், “அந்த ரூம்ல மூணு பேரு இருக்கோம். நீ வர்றப்ப தனியா பாத்துக்கலாம்னு இருந்தேன். தேடாத எடம் இல்ல ரெஜி. ஒண்ணும் அமையல.”

ஒரு வருடமாக வீடியோ காலில் எனக்குக் காட்டியது ஒரே ஒரு சுவர். எனக்கும் மற்ற மூன்று சுவர்களைக் கேட்கத் தோன்றவில்லை. நல்ல கணக்கு டீச்சர்.



மார்ச் 6, வெள்ளி

சாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண் சிமிட்டக்கூட இல்லை.

“செருப்பை எடுத்துட்டு இன்னொரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. ரூம்ல நீங்க ரெண்டு பேரு மட்டுந்தான்னு ஓனர்கிட்ட லெட்டர் வாங்கிரலாம்.”

“பொய்னு தெரிஞ்சா?”

“பத்து வருசம் அங்கிட்டு எட்டிப் பாக்க முடியாது. யாரும்மா போயிப் பாக்கப் போறா?”

பத்து வருடம் என்றால் எனக்கு நாற்பத்தாறு.

சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம். முட்டி போட்டேன், எழுந்தேன். வாய் மட்டும் ஜெபம் சொன்னது.

மார்ச் 8, ஞாயிறு

புதுப் படம் வந்தது. வாசல் சுத்தம். ஓனர் கடிதமும். பூசை முடிந்து மூன்று பேர் கேட்டார்கள். ‘சீக்கிரம்’ என்றேன் மூன்று பேரிடமும். அத்தை அடுத்த ஞாயிறுக்கும் அதே கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

மார்ச் 9

போட்டுவிடலாம். போட்டுவிடலாமா?

மார்ச் 10, செவ்வாய்

காலையில் கையெழுத்துப் போடத்தான் போனேன். பேனா கையில். சார் கல்யாணப் போட்டோ தெரிகிற படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். அதன் இரண்டு பக்கமும் வெறும் ஆணி. ஒன்று இங்கே, ஒன்று அங்கே.

வெளியே வந்து போன் போட்டேன்.

“அந்த ரெண்டு ஆணியில என்னங்க இருந்துச்சு?”

“அவங்க ரெண்டு பேரு கல்யாணப் போட்டோ. ஒருத்தன் மணமேல்குடி, ஒருத்தன் திருவரங்குளம். போட்டோ எடுக்கக் கழட்டி வச்சேன்.” அவரே சொன்னார், “அவங்களும் வீட்டுக்கு இதே ரூமைத்தான் எடுத்து அனுப்பியிருக்காங்க. அப்ப நம்ம போட்டோவைக் கழட்டிக் குடுத்தேன்.”

மணமேல்குடியில் ஒருத்தி, திருவரங்குளத்தில் ஒருத்தி. அதே ஜன்னலோரம் அவர்களும் எதையாவது வைத்துப் பார்த்திருப்பார்கள். ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே அழுதேன். பூக்காரம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

கையெழுத்துப் போடவில்லை. 19ஆம் தேதி போனால் போகட்டும்.

வீட்டுக்கு வந்து, “அத்தை, அங்க நமக்கு வீடு இல்ல” என்றேன். எல்லாம் சொன்னேன். அத்தை அரிசிச் சொளகைக் கீழே வைத்தார். கையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிட்டு, “அப்ப நான் குடுத்த கருத்து?”

“மாத்திட்டு வாரேன்.”

நான் போய்ச் சேரும்போது, கருத்து நோட்டை வைத்திருக்கும் உபதேசியார் கோவிலைப் பூட்டப் போனார். நிறுத்தினேன். நோட்டைத் திறந்து, ‘மருமகள் லண்டன் போக’ என்ற வரியை முழுதும் அடித்தார்.

“என்னன்னும்மா போடணும்?”

“இருக்க எடம் கேட்டுன்னு போடுங்க.”

“மைக்குல வாசிப்பாங்களே. பரவால்லையா?”

“வாசிக்கட்டும்.”

“பேரு ஒம்பேருதானே?”

“மூணு பேரு வரும். மத்த ரெண்டு பொண்ணுங்க பேரு எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்றேன், எடம் விட்டு எழுதுங்க.”