எந்நாளும் தண்ணீர் வரும் வீடு

19.08.2024, திங்கள்

வீட்டுத் தரகர், நம்ம விஜிதரன் தம்பி, காலையிலேயே வந்து சட்டம் போட்டுவிட்டுப் போனார். "அக்கா, வீடு பாக்க ஆள் வர்ற நாள்ல கருவாடு பொரிக்காதீங்க. அண்ணனையும் கொஞ்சம் உள்ள வச்சுக்கங்க." கருவாட்டை விட்டுவிடலாம். இவரை எங்கே வைப்பது?

டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தேயிலைத் தூசு தின்ற இவர் நெஞ்சு, ஹட்டனில் இன்னொரு மார்கழிக் குளிரைத் தாங்காது. கொழும்புப் பக்கம் வத்தளையில் மகள் ஷிராணி பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்காரர் செப்டெம்பர் முடியும்வரைதான் பொறுப்பாராம். அதற்குள் இதை விற்க வேண்டும். ஆண்டவரே, உமக்குத் தெரியாததா?

22.08, வியாழன்

பெயின்ட் இரண்டு வாளி, பிரஷ் ஒன்று. சாமான் கொப்பியில் எழுதியாயிற்று. ஹோல் மூலையில் கூரை ஒழுகிய கறை மட்டும் மூன்று பூச்சையும் தாண்டித் தெரிகிறது — தேத்தண்ணி நிறத்தில், ஒரு பெரிய காது போல. மழைக்கு அதன் கீழே வைக்கும் பெரிய அலுமினியச் சட்டியை அடுப்படியில் ஒளித்துவிட்டு, வேளாங்கண்ணி மாதா படத்தைக் கழற்றிக் கறைமேல் மாட்டினேன்.

"மாதாவையே பொய்ச்சாட்சிக்கு நிக்க வச்சிட்டியா?" என்கிறார் இவர். நான் ஏணியில் நிற்கும்போதுதான் கேட்க வேண்டுமா?

25.08, ஞாயிறு

பூசை முடிந்து ஓடி வந்தேன். கொத்மலையிலிருந்து ஒரு குடும்பம். பிடித்த மாதிரித்தான் இருந்தது. இவர் முன்னால் போய் — முன்னால் போய்! — "குளிருக்கு செவரெல்லாம் வேர்க்குமுங்க, கம்பளி ரெண்டு வேணும்" என்று இருமிக்கொண்டே சொல்கிறார். அவர்கள் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

கேட்டால், "உண்மதானே மார்கிரட்?"

உண்மதான். யாரு இல்லன்னா? உண்மைய வச்சி மூச்சு விட முடியுமா?

26.08

இவருடன் பேசவில்லை.

31.08, சனி

ஷிராணி வந்திருந்தாள். இவரை முடிவெட்ட அனுப்பிவிட்டோம். ஒரு சிங்கள டீச்சரும் கணவரும் வந்தார்கள். டீச்சர் மேலும் கீழும் பார்த்துவிட்டு வேகமாக ஏதோ கேட்டார். "வத்துர எனவாத" என்பது மட்டும் காதில் விழுந்தது. தண்ணீர் வருமா? இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பதே அதுதானே. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன்: எந்நாளும் வரும், மழைக்கு இன்னும் நல்லா வரும், பக்கத்து வீட்டாரும் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

அவர்கள் கேட்டைத் தாண்டியதும் ஷிராணி தலையில் கை வைத்தாள். "அம்மா! அவங்க கேட்டது கூரையால தண்ணி வருமான்னு. அவங்க சொன்ன 'வஹல'ன்னா கூரை!"

முப்பது வருடச் சந்தைச் சிங்களம். மரக்கறி வாங்கப் போதும், வீடு விற்கப் போதாது. இவர் வந்து கேட்டுவிட்டு, இருமல் பிடிக்கும்வரை சிரித்தார். சிரிக்கட்டும். செப்டெம்பர் கடைசியில் தெரியும்.

03.09, செவ்வாய்

அந்தோனியார் கோயிலுக்குப் போகும் வழியில் விஜிதரனிடமிருந்து போன். "அக்கா, டீச்சர் எடுக்குறாங்களாம்! பாத்த ஆறு வீட்டுலயும் ஒழுகவே ஒழுகாதுன்னாங்களாம். நீங்க மட்டுந்தான் நேர்மையா சொன்னீங்களாம். கூரை செலவ மட்டும் கழிச்சிக்குவாங்க."

நேர்மையாம்! அழுவதா, நாக்கைப் பிடுங்கிக்கொள்வதா? வாய்தவறி வந்த உண்மையைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் மாதாவைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

28.09, சனி

சாவி கொடுத்தாயிற்று. டீச்சரை மூலைக்குக் கூட்டிப்போய்க் கறையைக் காட்டினேன். "மெத்தனின்," என்றேன். சிங்களத்தில், இங்கேயிருந்துதான் ஒழுகும் என்று. அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

06.10, ஞாயிறு. வத்தளை

வேர்வை, நுளம்புக் கடி. பெரிய அலுமினியச் சட்டியைக் காணோம் என்று இவர் விடிந்ததிலிருந்து மேலும் கீழும் தேடுகிறார். மூன்று தடவை படி ஏறி இறங்கிவிட்டார். இருமல் இல்லை.

இன்னும் கொஞ்சம் தேடட்டும். சாமான் கொப்பியில் எழுதித்தான் வைத்திருக்கிறேன்: சட்டி 1, ஹட்டன் வீட்டு ஹோல் மூலையில். கூரை மாற்றும்வரை அவர்களுக்கு வேண்டுமே.