தகவல் சொல்பவர்

மதினி,

இன்று லேபில் கயலின் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார்கள். அந்த வாடைக்கு உங்கள் நினைப்புத்தான் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் பரிசோதனை. என் மடியில் உட்கார்ந்துகொண்டே நம் பேத்தி, "அம்மாச்சின்னா கதை சொல்லுவாக" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

பருப்பும் பாலும்கூட உடம்பில் விஷமாகச் சேரும் பிறவி நோய் அவளுக்கு. மரபணு மருந்தை ஒரே தடவைதான் ஏற்றினார்கள். அது பின்னாளில் என்ன செய்யும் என்று பதினைந்து வருஷம் பார்க்க வேண்டுமாம். வருஷா வருஷம் ஈரலைச் சோதிக்க வேண்டும். இடையில் வரும் காய்ச்சல், தடிப்பு எதுவானாலும் நோட்டில் எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்ல வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில், 'தகவல் சொல்பவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர். என் மகன் பெற்ற பிள்ளைக்கு, அவன் மாமியார் உங்கள் பெயர்.

நீங்கள் எட்டாவது, நான் அஞ்சாவது. மூன்று வகுப்பில் அப்படி என்ன கூடிவிட்டது என்று பொருமியிருக்கிறேன். உங்களுக்குத் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிப் பழக்கம். "சின்னப் பொறின்னாலும் சொல்லிப்புடணும் மதினி" என்பீர்கள். என்னைக் குத்திக்காட்டுவதாகவே படும்.

போன கோடை லீவுக்குக் கயல் ஆமத்தூரில் என்னிடம் இருந்தாள். இரண்டு நாள் காய்ச்சல். போனில் கேட்டீர்கள்.

"பிள்ளை எப்படி இருக்கா மதினி?"

"அவளுக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கா."

"வேணும்னா அடுத்த பஸ்ஸுல வரட்டா?"

"ஏன், எனக்குப் பிள்ளை வளக்கத் தெரியாதாக்கும்?"

காய்ச்சல் என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்களே.

இன்று ஆஸ்பத்திரி நர்சம்மா போனில், "இனிமே தகவல் சொல்றது யாரு?" என்றார்.

"நான்தான்" என்றேன். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை.

"நோட்டுல எழுதாம விட்டது ஏதும் இருக்காம்மா?"

மகன் பக்கத்திலேயே நின்றான். சொன்னால் நோட்டு என் கையில் இருக்காது. சொல்லாவிட்டால், பிள்ளையின் ஈரலைப் பற்றி அவர்கள் எழுதிவைப்பதில் என் பொய்யும் சேர்ந்துவிடும். சொல்லிவிட்டேன்.

"எம்மா, மறைச்சியா?" என்றான் மகன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே ரத்தம் பார்த்திருப்போம்" என்றார் நர்சம்மா. "சின்னது பெருசுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. இப்பவாவது எழுதுங்க."

 மகன் பேனாவை என் பக்கம் தள்ளினான்.

உங்கள் பெயரை அடித்தேன். கொஞ்சம் அழுத்தியே அடித்தேன். கீழே என் பெயரை எழுதினேன். உள்ளே, உங்கள் வரிகளுக்கு அடுத்து என் முதல் வரி: 'கோடை லீவு, இரண்டு நாள் காய்ச்சல், மறைத்தது நான்.'

பிறகு பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு தும்மலைக்கூட நீங்கள் விடவில்லை. கயல் உங்களைக் கேட்டு அழுவதை நான் தாங்கிக்கொள்வேன் மதினி. இந்தப் பக்கங்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.